அறுப்புக்கு ஒரு தேதி, மேய்ச்சலுக்கு ஒரு தேதி

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், தேம்ஸ் இன்னும் சிற்றாறாகவே ஓடும் இடத்தில் இருக்கிறது கிரிக்லேட். 9ஆம் நூற்றாண்டில் டேனியப் படைகளைத் தடுக்க ஆல்ஃபிரட் மன்னர் அரண் கட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. ஊரை ஒட்டி, தேம்ஸுக்கும் அதில் வந்து சேரும் சர்ன் ஆற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 110 ஏக்கர் தாழ்ந்த புல்வெளி. நார்த் மெடோ என்பது அதன் பெயர்.

குளிர்காலத்தில் இரு ஆறுகளும் கரை மீறி இந்த நிலத்தை மூழ்கடிக்கும். வெள்ளம் வடிந்தால் வண்டல் தங்கும். நிலத்துக்கு அதுவே உரம். ஏர் பூட்ட முடியாத அந்த ஈரத்தில் புல் மட்டும் செழித்து வளரும். மாடும் குதிரையும் குளிர்காலத்தைக் கடக்க அந்தப் புல்தான் வேண்டும். ஆகவே ஊரார் ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். பிப்ரவரி முதல் புல்வெளிக்குள் கால்நடை நுழையக் கூடாது. ஜூலையில் அவரவர் பங்குப் புல்லை அறுத்து, உலர்த்தி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பங்குகளைப் பிரிக்க உரிமையாளர்களின் பெயரெழுத்து பொறித்த கற்களை நட்டார்கள்; சில இன்றும் நிற்கின்றன. அறுப்பு முடிந்ததும் எல்லை மறைந்து, நிலம் முழுவதும் ஊராரின் பொது மேய்ச்சல் வெளியாகிவிடும்.

மேய்ச்சல் தொடங்கும் நாள் முதலில் ஆகஸ்ட் 1, லாமஸ் திருநாள். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களைக் கழித்தபோது, புல்லும் மாடும் பழைய கணக்கையே பின்பற்றின. அதனால் ஆகஸ்ட் 12 என்றாயிற்று. இன்றுவரை அதுதான்.

இந்தக் கால அட்டவணை யாரும் எண்ணிப் பாராத ஒன்றைக் காப்பாற்றியது. ஃப்ரிட்டிலரி என்ற கிழங்குச் செடி ஏப்ரலில் தலைகவிழ்ந்த மணி போலப் பூக்கும்; ஊதா இதழ்களில் கட்டம் போட்டிருக்கும். பாம்புத்தலைப் பூ என்பார்கள். அறுப்பு ஜூலை வரை தள்ளிப்போவதால் அதற்குள் விதை முற்றி உதிர்ந்துவிடும். பிறகு வரும் மாடுகள் புல்லை ஒட்ட மேய்வதால், அடுத்த வசந்தத்தில் முளைக்கு வெளிச்சம் கிடைக்கும். பிரிட்டனில் காட்டுச் செடியாக வளரும் ஃப்ரிட்டிலரியில் சுமார் 80 சதவீதம் இந்த ஒரே புல்வெளியில்தான் என்று மதிப்பிடுகிறார்கள்.

மற்ற இடங்களில் என்ன நடந்தது? 1930களுக்கும் 1980களுக்கும் இடையே இங்கிலாந்து, வேல்ஸின் தாழ்நிலப் பூம்புல்வெளிகளில் 97 சதவீதம் அழிந்தது. உழுதார்கள், வடிகால் வெட்டினார்கள், ரசாயன உரம் கொட்டினார்கள். கிரிக்லேடுக்குப் பக்கத்திலேயே ஜல்லிக்காகத் தோண்டிய நிலங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளாகிக் கிடக்கின்றன. பத்து மைல் தூரத்துக்குள் இருக்கும் ஸ்விண்டன், ரயில் பட்டறையால் வளர்ந்து பெரிய நகரமாகிவிட்டது. கிரிக்லேடிலும் வீடுகள் பெருகியிருக்கின்றன. ஆனால் பொது உரிமை உள்ள நிலத்தில் தனி ஒருவர் கைவைப்பது எளிதல்ல. நார்த் மெடோ தப்பியதற்கு அதுவே முதற்காரணம் என்று துணிந்து சொல்லலாம். 1973இல் அரசு இதைத் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவித்தபோதும் புது விதி தேவைப்படவில்லை. ஊரின் பழைய வழக்கமே தொடர்ந்தது.

இப்போதைய ஆபத்து ஆற்றிலிருந்தே வருகிறது. 2012இல் வசந்தத்திலும் கோடையிலும் வெள்ளம் தேங்கி நின்றதால் பூக்கள் வெகுவாகக் குறைந்தன. வெள்ளத்தோடு வரும் மிகையான பாஸ்பரஸ், உயர்ந்து வளரும் கோரைகளுக்கே சாதகம். புல்லை அறுத்து வெளியேற்றினால்தான் அந்தச் சத்து குறையும். அதனால் அறுக்கும் ஆளும் மேயும் மாடும் இந்தக் காப்பகத்துக்கு இன்றும் தேவை. பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கத்துக்குள் போகலாம். ஒற்றையடிப் பாதையை விட்டு மட்டும் விலக வேண்டாம்.