கல்வெட்டில் இடம்பெறாத குழம்பு

குறுந்தொகையின் 167ஆம் பாடலை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். கூடலூர் கிழார் பாடியது, ஆறே அடிகள். புதிதாய் மணம் முடித்த தலைவி தன் கணவனுக்குத் தானே சமைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். அதைத் துவைக்கவும் அவளுக்கு நேரமில்லை. தாளிப்பின் புகை மை தீட்டிய கண்களில் நிறைகிறது. துழாவித் துழாவி அவள் ஆக்கிய புளிக்குழம்பை, நன்றாயிருக்கிறது என்று சொல்லி அவன் உண்கிறான். அவள் முகத்தில், உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத மகிழ்ச்சி ஒன்று தோன்றுகிறது. பாட்டு அவ்வளவுதான்.

தாளிப்புக்கு அக்காலத் தமிழர் வழங்கிய சொல் 'குய்'. அச்சொல்லை உச்சரிக்கும்போதே சட்டியில் ஏதோ சுரீரென்று பொரிவது காதில் விழவில்லையா என்று மாணவர்களிடம் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தக் குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்திருக்குமா?" என்றாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளித்தோம். ஆனால் அக்கேள்வி நம்மோடு வீடுவரை வந்தது.

தமிழர் சமையலின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. நல்லூர் நத்தத்தனார் தம் சிறுபாணாற்றுப்படையில், ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்தைச் சொல்லும்போது, அது வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி பிறழாது ஆக்கப்பட்டது என்கிறார். சமையலுக்கு ஒரு நூல் உண்டு என்ற எண்ணம் அவ்வளவு பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளோ சமையற்கட்டின் கணக்கையே நம் முன் விரிக்கின்றன. கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என ஒவ்வொன்றுக்கும் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என்று அளவு குறித்திருக்கிறார்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் காலத்து அரண்மனைச் சமையலைச் சொல்லும் சரபேந்திர பாகசாஸ்திரம் என்ற நூலும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இவையெல்லாம் கோயில் மடைப்பள்ளியும் அரண்மனை அடுக்களையும் அல்லவா? நெல்லைக் கொடுப்பவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவர், பொறுப்பேற்பது ஊர்ச்சபை என்று இருக்கும் இடத்தில்தான் அளவை எழுதி வைக்கவேண்டிய தேவை எழுகிறது. கணக்குக் காட்டவேண்டிய சமையல் கல்லில் ஏறியது. யாருக்கும் கணக்குக் காட்டவேண்டாத வீட்டுச் சமையல், தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் நடந்தும், கல்லில் ஏறவில்லை.

அப்படியானால் வீட்டுச் சமையல் எழுத்தில் இடம்பெறுவது எப்போது? இக்கேள்வியோடு பழைய நூல்களைத் திரும்பப் புரட்டியபோது, நாம் பலமுறை படித்தும் கவனிக்கத் தவறிய ஒன்று புலப்பட்டது. யாரேனும் ஒருவர் வீட்டைவிட்டுப் பிரிந்த பின்புதான் அது எழுத்தில் ஏறுகிறது!

குறுந்தொகைப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதைச் சொல்பவள் செவிலித்தாய். கேட்பவள் பெற்ற தாய். மகள் மணமாகிச் சென்ற வீட்டுக்குச் செவிலி போய்ப் பார்த்துவிட்டு வந்து, நற்றாயிடம் சொல்லும் செய்தியே அப்பாட்டு. தலைவியின் சமையலை அவளைப் பெற்றவள் காணவில்லை, கேட்கிறாள். நற்றிணையின் 110ஆம் பாடலும் இத்தகையதே. போதனார் பாடியது. பொற்கலத்தில் பாலை ஏந்திக்கொண்டு செவிலியர் பின்னால் ஓட, உண்ணமாட்டேன் என்று பந்தலில் ஓடி விளையாடிய சிறுமி அவள். இன்று வறுமையுற்ற கணவன் வீட்டில், தந்தையின் வளமான சோற்றை நினையாமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இந்த அறிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வியக்கிறார்கள் வீட்டில் இருப்பவர்கள். மகள் அருகிலேயே இருந்திருந்தால் இவ்விரு பாட்டுகளுக்கும் தேவையே இருந்திராது.

சிலப்பதிகாரத்துக்கு வருவோம். கண்ணகி அடுக்களையில் நிற்பதை இளங்கோவடிகள் நமக்குக் காட்டுவது புகாரின் மாளிகையில் அன்று. மதுரைக்கு வெளியே, மாதரி என்னும் ஆயர்குலத்து முதியவள் கொடுத்த சிறு மனையில். மாதரி அரிசியும் காய்களும் பாலும் தருகிறாள். அவள் மகள் ஐயை உடனிருந்து உதவுகிறாள். காய் அரிந்து கண்ணகியின் விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது, கண்கள் சிவக்கின்றன. பனையோலைத் தடுக்கில் கணவனை அமர்த்தி, அவன் கால்களைக் கழுவி, நிலத்தில் நீர் தெளித்து, வாழையின் குருத்திலையை விரித்து உணவு படைக்கிறாள். உண்ட பின் வெற்றிலை பாக்கும் தருகிறாள். பல்லாண்டு அவளைப் பிரிந்திருந்த கோவலன் அப்போதுதான் தன் பிழைகளை எண்ணி வருந்திப் பேசுகிறான். அவளும் அப்போதுதான், விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை அவன் இல்லாத வீட்டில் தான் இழந்து நின்றதையும், மாமன் மாமியர் முன் பொய்யாக முறுவலித்ததையும் வாய்விட்டுச் சொல்கிறாள். பிறகு அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். திரும்பவில்லை.

இக்காதைக்குப் பெயர் கொலைக்களக் காதை. தமிழில் 'அடு' என்ற வினைக்குச் சமைத்தல், கொல்லுதல் என்று இரு பொருளும் உண்டு. இரண்டும் இந்த ஒரே காதையில் நிகழ்கின்றன. அன்று என்னென்ன காய்கள் இருந்தன என்பதைக்கூட இளங்கோவடிகள் விடாமல் எண்ணிச் சொல்வது ஏன் என்று முன்பு நமக்கு விளங்கியதில்லை. இழந்த வீட்டில் கடைசியாக உண்ட உணவை ஒவ்வொரு பொருளாக நினைவுகூர்வோரைக் கண்டவர்களுக்கு அது விளங்கும்.

கல்லிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. இராசராசனின் தமக்கை குந்தவையார், தஞ்சைப் பெரிய கோயிலில் மறைந்த தம் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் எடுப்பித்தார். அவற்றுக்கு நாள்தோறும் அமுது படைக்கப் பொருளும் வைத்தார். அரிசி, நெய், மிளகு, புளி, தயிர், உப்பு என்று நீளும் அக்கணக்கை, இறந்த பெற்றோருக்கு ஒரு மகள் இட்ட சோறு என்று படித்துப் பாருங்கள். கல்வெட்டின் குரலே மாறிவிடும்.

நம் காலத்துக்கு அருகில் வந்தாலும் கதை இதுவே. தமிழில் பாகசாஸ்திர நூல்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சேறிவிட்டன. ஆயினும் வீடுகளில் நிலைத்த நூல், எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்'. இளமையிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டின் பொறுப்பைச் சுமந்தவர் அவர். வெளியூர்களில் வாழ்ந்த உறவினர்கள் செய்முறை கேட்டு எழுத, அவர் விடை எழுதிக்கொண்டிருந்தார். அதைக் கண்ட அவருடைய உறவினரான வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், நூலாகவே எழுதிவிடலாமே என்று ஊக்கினார். கடிதம்தான் நூலாயிற்று. வேலையும் படிப்பும் குடும்பங்களைப் பல ஊர்களுக்குப் பிரித்துவிட்ட காலம் அது. மாமியாரும் தாயும் அருகில் இல்லாத மணப்பெண்களின் பெட்டியில் அந்நூல் ஏறிக்கொண்டது.

எம் அன்னைக்கு அந்நூல் தேவைப்படவில்லை. அரிசிப் பானைக்குள் ஒரு பித்தளை ஆழாக்கு கிடந்தது. சோழர் கல்லில் உள்ள அதே பெயர். கொள்ளளவு அதே அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. அரிசிக்கு மட்டுமே அந்த ஆழாக்கு. மற்றவற்றுக்கெல்லாம் கையும் கண்ணும்தான். அவருடைய இறுதி ஆண்டில், அவர் வைக்கும் மோர்க்குழம்பை எழுதிக்கொள்ள நாம் குறிப்பேட்டோடு அமர்ந்தோம்.

"துவரம்பருப்பு ஒரு கை ஊறப்போடு."

"ஒரு கை என்றால் எவ்வளவு அம்மா?"

"ஒரு கைதான்" என்று தம் கையைக் குவித்துக் காட்டினார். நோயில் மெலிந்திருந்த கை. முன்பிருந்த கையின் அளவா, அன்றைய கையின் அளவா என்று கேட்க நமக்கு மனம் வரவில்லை. தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் சேர்த்து அரைப்பது, புளித்த மோரில் கரைப்பது, நுரை கட்டி வரும்போது திரிந்துவிடாமல் இறக்குவது, கடைசியில் தேங்காய் எண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளிப்பது என அனைத்தும் குறிப்பேட்டில் உள்ளன. ஒரு பக்கம்கூட நிறையவில்லை.

எழுதி முடித்ததும், "உன் அப்பா இதை இரண்டாம் தரம் கேட்டு வாங்குவார்" என்றார். எம் தந்தையார் ஒருநாளும் உணவைப் புகழ்ந்தவர் அல்லர். இலையை நோக்கியபடி, "இன்னும் கொஞ்சம்" என்பார். அச்சொல்லுக்காக அன்னை கரண்டியோடு காத்து நின்ற நாள்கள் நம் நினைவுக்கு வந்தன. நாமும் இருபது ஆண்டுகளாக வகுப்பில் அத்தலைவனைப் புகழ்ந்துவிட்டு, வீட்டில் வாய்திறவாது உண்டு எழுந்தவர்தாம். அன்று சொன்னோம். "எப்போதும் நன்றாகத்தான் இருக்கும் அம்மா." அவர் முகத்தில் ஏதேனும் தோன்றியதா என்று நோக்கினோம். "இப்போதுதான் தெரிந்ததாக்கும்!" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மாணவியின் கேள்விக்கு இப்போது நம்மிடம் விடை உண்டு. குழம்பு எப்படி இருந்தது என்று கூடலூர் கிழார் சொல்லவில்லை. அவன் சொன்னான், அவள் மகிழ்ந்தாள், அதை ஒருத்தி பார்த்துவந்து தாயிடம் சொன்னாள் என்பதே அவர் எழுதியது. ஈராயிரம் ஆண்டுக்காலம் நின்றது அதுதான்.

குறிப்பேட்டைப் பார்த்து நாமே சிலமுறை அக்குழம்பை வைத்தோம். பருப்பு ஒருமுறை மிகுதி, ஒருமுறை குறைவு. நம் கை அவர் கையைவிடப் பெரிது. இதைப் படிக்கும் நண்பர்களின் வீட்டில் சமைப்பவர் அடுத்த அறையில்தான் இருக்கக்கூடும். அளவைப் பிறகு கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்; முதலில் போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.