விண்ணுக்குப் போய்வந்த வெள்ளி: மனித விண்பயணப் பொறியாளர்களுக்கான நினைவுப்பொருள்கள்

அப்பல்லோ திட்டத்துக்காக உழைத்தவர்கள் ஏறத்தாழ 4,00,000 பேர். நிலவில் நடந்தவர்கள் 12 பேர். புகழ் முழுவதும் அந்தப் பன்னிருவரைச் சென்று சேர, மற்றவர்களுக்குத் தன் நன்றியை எப்படித் தெரிவிப்பது என்ற கேள்வி நாசாவுக்கு எழுந்தது. அதற்கு விடையாகப் பிறந்த சட்டைப் பின்களும் பதக்கங்களும் பெரும்பாலும் சேகரிப்போரின் ஆர்வத்துக்கு உரியவையாகவே பார்க்கப்பட்டுள்ளன. அவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால், தொழிலாளிக்கு விடுத்த எச்சரிக்கையாகத் தொடங்கிய ஒன்று மெல்ல மெல்ல அவருக்குரிய மரியாதையாக மாறியது புலப்படுகிறது.

மெர்குரி திட்டம் முடிவடைந்த 1963ஆம் ஆண்டில் நாசா ஒரு விழிப்புணர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒப்பந்த நிறுவனங்களின் ஆலைகளில் ஒரு வால்வையோ கம்பி இணைப்பையோ செய்பவர், தான் செய்த பொருள் பறப்பதை நேரில் காண்பது அரிது. அதன்மேல் ஓர் உயிர் சவாரி செய்யப்போகிறது என்பதை அவருக்கு இடைவிடாது நினைவூட்டுவதே திட்டத்தின் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதில் ஒலித்தது மேலாளரின் குரல்.

1967 ஜனவரி 27 அன்று கேப் கென்னடி ஏவுதளத்தில் நடந்த தரைச் சோதனையின்போது அப்பல்லோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் உள்ளேயே இறந்தார்கள். தூய ஆக்ஸிஜன் நிரம்பிய அறை, உட்புறமாக மட்டுமே திறக்கும் கதவு, பழுதுபட்டிருக்கக்கூடிய மின்கம்பி எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. அவை எல்லாமே யாரோ வரைந்தவை, யாரோ பொருத்தியவை, யாரோ சரிபார்த்தவை. இதையடுத்து, காட்டுத்தீ தடுப்புப் பிரசாரத்துக்கு அமெரிக்க வனத்துறை ஒரு கரடிச் சித்திரத்தைப் பயன்படுத்தி வெற்றி கண்டதுபோல், விண்பயணப் பாதுகாப்புக்கும் ஒரு முகம் வேண்டும் என்று நாசா கருதியது. ஹூஸ்டன் மையத்தின் மக்கள் தொடர்புத் தலைவராக இருந்த அல் சாப், ‘பீநட்ஸ்’ சித்திரக்கதையின் நாயான ஸ்னூப்பியைப் பரிந்துரைத்தார். அதைப் படைத்த சார்ல்ஸ் ஷுல்ஸ் விண்வெளி உடை அணிந்த ஸ்னூப்பியைத் தாமே வரைந்து, கட்டணம் ஏதும் பெறாமல் கொடுத்தார்.

அந்தச் சித்திரத்தைத் தாங்கி 1968 முதல் வழங்கப்படும் வெள்ளி ஸ்னூப்பி விருதின் சிறப்பு அதன் விதிகளில்தான் இருக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய வெள்ளிப் பின் அது. ஒரு பயணத்தில் விண்ணுக்குப் போய் மீண்ட பிறகே கொடுக்கப்படுகிறது. எந்தப் பயணத்தில் போனது என்பதற்குக் கடிதமும் உண்டு. ஆண்டுதோறும் மொத்தப் பணியாளர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கிடைக்கும். தேர்வு விண்வெளி வீரர்களுடையது; வீரர் ஒருவரே பெறுநரின் பணியிடத்துக்கு வந்து அதை அணிவிக்கிறார். ஒருவரின் கவனத்தால் உயிரோடு திரும்புகிறவர்கள், அவரைத் தேடி வந்து நன்றி சொல்கிறார்கள். மேலதிகாரி கொடுக்கும் எந்தப் பாராட்டிதழும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

இதே காலத்துச் சோவியத் நாட்டோடு ஒப்பிட்டால் இதன் பெறுமதி இன்னும் விளங்கும். யூரி ககாரினை விண்ணுக்கு அனுப்பிய தலைமை வடிவமைப்பாளர் செர்கேய் கொரல்யோவ் இருமுறை ‘சோஷலிச உழைப்பின் வீரர்’ பட்டம் பெற்றவர். ஆயினும் நாளிதழில் புனைபெயரில்தான் எழுத முடிந்தது. 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகே உலகம் அவர் பெயரை அறிந்தது. பதக்கம் இருந்தது, அதைப் பெற்றவரைப் பொதுவெளியில் காட்ட இயலவில்லை.

நினைவுப்பொருளின் பொருளே மாறிய ஆண்டு 1969. அப்பல்லோ 11 பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட பதக்கத்தின் பின்புறம், கொலம்பியா, ஈகிள் ஆகிய இரு கலங்களின் உலோகமும் அதில் கலந்துள்ளதாகப் பொறிக்கப்பட்டது. தாம் செதுக்கிய உலோகத்தின் ஒரு துளி, நிலவுவரை போய்விட்டுச் செய்தவர் கைக்கே திரும்பி வந்தது. இதைவிடப் பொருத்தமான கூலி வேறு இருக்குமா?

அடுத்த ஆண்டு அப்பல்லோ 13 வீரர்கள் நடுவழி விபத்திலிருந்து உயிர் தப்பி வந்தார்கள். அப்பயணத்தின் தரைக்கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அமெரிக்க அதிபர் நிக்சன் 1970 ஏப்ரல் 18 அன்று அதிபர் சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். அது குழுவுக்கான பதக்கம். பாப்பி நார்த்கட் என்ற பெண் பொறியாளரும் அதில் பங்கு பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் ஒமேகா கைக்கடிகார நிறுவனத்துக்கும் வெள்ளி ஸ்னூப்பி கிடைத்தது. அப்பல்லோ 13 திரும்பும் வழியில் 14 விநாடி எஞ்சின் இயக்கத்தை வீரர்கள் அந்நிறுவனத்தின் கடிகாரத்தால் அளந்தார்கள். பின்னாளில் ஸ்னூப்பி படமிட்ட விலையுயர்ந்த கடிகாரங்கள் சந்தைக்கு வந்ததால், விருதின் பெயரைக் கடிகாரப் பிரியர்களே இன்று அதிகம் அறிந்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அப்பல்லோ 13 வீரர்கள் லவல், ஸ்விகர்ட், ஹெய்ஸ் மூவரும் தங்கள் அக்வேரியஸ் கலத்திலிருந்து ஒரு கண்ணாடியைக் கொண்டுவந்து கட்டுப்பாட்டு அறைக்குப் பரிசளித்தார்கள். தங்களைத் திரும்பக் கொண்டுவந்தவர்களின் முகம் அதில் தெரியட்டும் என்பதே அதனோடு பொறித்த செய்தி. யாரோ கொடுத்த உத்தரவின்படி வந்த பொருள் அல்ல அது.

விண்ணில் போய்வந்த எதற்கும் விலை உண்டு என்பது விரைவில் சிக்கலாயிற்று. 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் அனுமதியின்றி 398 அஞ்சல் உறைகளை எடுத்துச் சென்றதும், அவற்றில் ஒரு பகுதி ஜெர்மானிய வணிகர் ஒருவர் வழியே விற்பனைக்கு வந்ததும் 1972இல் வெளிப்பட்டன. மூவரும் கண்டிக்கப்பட்டார்கள், எடுத்துச் செல்லும் பொருள்களுக்கான விதிகளும் இறுகின.

இத்தனை கவனத்தோடு வகுக்கப்பட்ட மரியாதையும் எல்லோருக்கும் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. 1962இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றும் முன் கணினி தந்த எண்களைக் கையால் சரிபார்த்தவர் கேத்தரின் ஜான்சன். நாசாவின் லாங்லி மையத்திலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1986இல். வெள்ளி ஸ்னூப்பியை அவருக்கு விண்வெளி வீரர் லீலண்ட் மெல்வின் அணிவித்தது 2016இல். அப்போது ஜான்சனுக்கு வயது 97. 2019இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அவருக்கும் அவரைப்போல் நாசாவில் பணியாற்றிய பெண்களுக்கும் அமெரிக்க நாடாளுமன்றத் தங்கப் பதக்கங்கள் 2024 செப்டம்பரில் வழங்கப்பட்டன. அவற்றைத் தனித்தனியே பெறவேண்டிய நால்வரில் டோரதி வான், மேரி ஜாக்சன், ஜான்சன் மூவரும் அதற்குள் மறைந்துவிட்டிருந்தனர். உயிரோடு இருந்தவர் கிறிஸ்டின் டார்டன் ஒருவரே. ஐந்தாவது பதக்கம், 1930கள் முதல் 1970கள் வரை நாசாவிலும் அதன் முன்னோடி அமைப்பிலும் கணக்கீட்டாளராக, கணித அறிஞராக, பொறியாளராகப் பணியாற்றிய பெண்கள் அனைவருக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது.