தண்டப்பத்திரமும் வழக்கேடும்: வாகன சாரதிகள் அறிந்திருக்க வேண்டியவை

போக்குவரத்துப் பொலிஸாரால் வழிமறிக்கப்பட்டுத் தண்டப்பத்திரம் வழங்கப்படும் சாரதி ஒருவர் முதலில் கேட்பது எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதையே ஆகும். அந்தப் பத்திரத்தில் தம்மீது என்ன குற்றம் எழுதப்பட்டுள்ளது, எந்த நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாதுவிட்டால் விளைவு யாது என்பவற்றை அவர் வாசிப்பதில்லை. தமிழ் மொழிமூலம் கற்ற சாரதிகளைப் பொறுத்தவரை, தென்னிலங்கையில் வழங்கப்படும் பத்திரத்தை வாசிக்க முடிவதில்லை என்பதும் பல சந்தர்ப்பங்களில் உண்மையாகும். யாழ்ப்பாணத்திலிருந்தும் கல்முனையிலிருந்தும் கொழும்புக்கு லொறி செலுத்துபவர்களும், புத்தளத்திலும் கண்டியிலும் முச்சக்கரவண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர்களும் இதனால் அனுபவிக்கும் சிரமங்கள் கொஞ்சநஞ்சமல்ல. வேலை செய்து உழைப்பதற்கு அவர்களிடமுள்ள ஒரே ஆதாரம் சாரதி அனுமதிப்பத்திரமாகும். அது பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ தங்கிவிடும் ஒவ்வொரு நாளும் வீட்டு அடுப்பைப் பாதிக்கும் நாளாகும்.

எனவே, இந்தப் பத்திரம் எத்தகையது, அதன் பின்னர் உருவாகும் நீதிமன்றப் பதிவை எங்கே தேடுவது, அதில் நமக்குள்ள உரிமைகள் யாவை என்பவற்றைத் தொகுத்துத் தருவது பயனுள்ளது என நாம் கருதுகின்றோம்.

நமது நாட்டின் வீதிப் போக்குவரத்துக் குற்றங்கள், 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தினாலும் அதற்குப் பின்னர் கொண்டுவரப்பட்ட திருத்தங்களினாலும் ஆளப்படுகின்றன. இக்குற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது வகை, அந்த இடத்திலேயே தண்டப்பணம் குறித்துப் பத்திரம் வழங்கி முடித்துவிடக்கூடிய சிறு குற்றங்கள். இவை வர்த்தமானி மூலம் வரையறுக்கப்பட்டுள்ளன. இரண்டாவது வகை, மதுபோதையில் வாகனம் செலுத்துதல், உயிர்ச்சேதம் அல்லது காயம் விளைவித்த விபத்து போன்ற பாரதூரமான குற்றங்கள். இவற்றைத் தண்டப்பத்திரத்தால் முடிக்க முடியாது. நீதிவான் நீதிமன்றில் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டே தீரும். தமக்குக் கிடைத்திருப்பது தபாலகத்தில் பணம் கட்டும் பத்திரமா, அல்லது நீதிமன்றத்துக்குச் சமுகமளிக்கும்படி திகதி குறிக்கப்பட்ட பத்திரமா என்பதைச் சாரதி முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குச் சென்றுவிட்டவர்கள் பின்னர் பிடியாணைக்கு முகங்கொடுக்க நேர்ந்துள்ளது.

தண்டப்பத்திரம் வழங்கப்படுகையில் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸ் உத்தியோகத்தர் பொறுப்பேற்கலாம். அவ்வாறாயின் கையில் தரப்படும் பத்திரமே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் பயன்படும். அந்த 14 நாட்களுக்குள் தபாலகத்தில் தண்டப்பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காண்பித்து அனுமதிப்பத்திரத்தை மீளப்பெறலாம். 14 நாட்கள் கடந்தால் 28 ஆம் நாள் வரை இருமடங்குத் தொகை செலுத்த வேண்டும். அதுவும் கடந்தால் விடயம் நீதிமன்றத்துக்குச் சென்றுவிடும். சிறிய தொகையொன்று அலட்சியத்தினால் வழக்காக மாறுவது இவ்வாறே ஆகும்.

இந்த நடைமுறையில் அண்மையில் ஏற்பட்டுள்ள மாற்றமும் கவனத்திற்குரியது. 2025 பெப்ரவரியில் ஆரம்பிக்கப்பட்ட ‘கவ்பே’ எனும் இணையவழி அரச கொடுப்பனவு முறைமையின் ஊடாகப் போக்குவரத்துத் தண்டப்பணத்தைச் செலுத்தும் ஏற்பாடு, அதே ஆண்டு ஏப்ரலில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டுப் படிப்படியாக விரிவாக்கப்பட்டது. கைத்தொலைபேசியில் பணத்தைச் செலுத்திய உடனேயே வீதியில் வைத்து அனுமதிப்பத்திரத்தை மீளப்பெறச் செய்வதே இதன் நோக்கமாகும். தூர இடத்தில் அகப்பட்டுக்கொண்ட சாரதி, அனுமதிப்பத்திரத்துக்காக மீண்டும் அந்த ஊருக்குப் பயணம் செய்யும் அலைச்சல் இதனால் தீரும். இவ்வசதி இருக்கின்றதா என்று பத்திரம் வழங்கும் உத்தியோகத்தரிடம் கேட்பதற்குச் சாரதிகள் தயங்க வேண்டியதில்லை.

ஆனால், பணம் கட்டுவது மட்டுமே வழி என்று எண்ணிவிடக் கூடாது. தாம் குற்றம் செய்யவில்லை என்று உண்மையாகவே நம்புகின்ற ஒருவர், நீதிமன்றில் தம்மைச் சுற்றவாளி என்று கூறி வழக்கை விளக்கத்துக்கு எடுக்கச் செய்யும் உரிமையுடையவர். அதற்கு மாறாக, ஒரே நாளில் வேலை முடிந்துவிட வேண்டும் என்பதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்பவர் ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் கீழ், நிபந்தனையின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குள்ள மேன்முறையீட்டு வாய்ப்பு மிகவும் ஒடுங்கியது. நீதிவானின் முன்னிலையில் சொல்லும் ஒரு சொல் வழக்கேட்டில் பதியப்பட்டுவிட்டால், அதனைப் பின்னர் அழிப்பது எளிதன்று. சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களை நாடலாம்.

வழக்கேட்டைத் தேடுவது எவ்வாறு என்பதே பலரும் நம்மிடம் வினவும் விடயமாகும். போக்குவரத்து வழக்கு, குற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இடத்துக்கு நியாயாதிக்கமுடைய நீதிவான் நீதிமன்றிலேயே தாக்கல் செய்யப்படுகின்றது. சாரதியின் சொந்த ஊர் எதுவென்பது இங்கு பொருட்டன்று. வவுனியாவைச் சேர்ந்தவர் புத்தளத்தில் பிடிபட்டால் வழக்கு புத்தளத்திலேயே இருக்கும். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தமது தீர்ப்புகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஆயின், நீதிவான் நீதிமன்ற வழக்கேடு அந்தந்த நீதிமன்றப் பதிவகத்திலேயே பேணப்படுகின்றது. ஆகவே, வீட்டிலிருந்தவாறே தேடிவிடலாம் என்று காத்திராமல், பத்திரம் வழங்கிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவை முதலில் நாடுவதே சிறந்தது. பத்திரத்தின் இலக்கம், திகதி, வாகன இலக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் வழக்கிலக்கத்தையும் அழைக்கப்படும் திகதியையும் அங்கே அறியலாம். அதன்பின்னர் வழக்கிலக்கத்துடன் நீதிமன்றப் பதிவாளரை அணுகலாம்.

வழக்கேட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி தேவையெனின், உரிய கட்டணத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். சட்டத்தரணி ஊடாக நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்தும் அதனைக் கோரலாம். நீதிமன்றப் பதிவுகள் பகிரங்க ஆவணங்கள் என்பதும், அவற்றைப் பார்வையிட உரித்துடையவருக்கு உறுதிப்படுத்திய பிரதி வழங்கப்பட வேண்டும் என்பதும் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ள விதியாகும். தண்டம் செலுத்தி வழக்கு முடிந்த பின்னரும் அந்தப் பற்றுச்சீட்டையும் வழக்கிலக்கத்தையும் கவனமாக வைத்திருப்பது அவசியம். முடிந்துபோன வழக்கொன்றைப் பற்றி ஆண்டுகள் கழித்துக் கேள்வி எழும்போது, வாய்ச்சொல்லைவிடத் தாளில் உள்ள எழுத்தே பேசும்.

பொலிஸாரிடமுள்ள பதிவுகளைப் பெறுவதற்கு மற்றொரு வழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி விண்ணப்பிக்கும் பிரஜை, தகவலை ஏன் கேட்கின்றார் என்று காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். திருப்தியில்லாவிடின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இனி, மொழி உரிமைக்கு வருவோம். 1988 இல் நிறைவேற்றப்பட்ட 16 ஆவது திருத்தத்தின் பின்னரான அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் உத்தியோகத்தர் ஒருவருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ கருமமாற்றும் உரித்தை ஒருவருக்கு வழங்குகின்றது. தமக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ அம்மொழிகளில் பெறும் உரித்தும் அதில் அடங்கும். தமிழ் நிர்வாக மொழியாகவுள்ள வடக்கு, கிழக்கில் சிங்கள மொழி பேசுவோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. 24 ஆவது உறுப்புரை ஒரு படி மேலே செல்கின்றது. நீதிமன்றத்தின் மொழியை அறியாத தரப்பினர், நடவடிக்கைகளை விளங்கிக்கொண்டு பங்குபற்றுவதற்காக அரசினால் வழங்கப்படும் உரைபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரித்துடையவராவார். தாம் சட்டப்படி பெறக்கூடிய வழக்கேட்டின் பகுதியையும் அவர் தமது மொழியில் பெறலாம்.

இதன் பொருள் மிகவும் எளிமையானது. குற்றச்சாட்டு தமக்கு விளங்காத மொழியில் வாசிக்கப்படும்போது, தலையை ஆட்டிவிட்டு நிற்க வேண்டியதில்லை. “எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்” என்று மரியாதையுடன் கேட்பது சலுகை கோருவதாகாது. அது நாட்டின் உச்சச் சட்டம் தந்த உரிமையாகும். இவ்வுரிமை மீறப்படுவதாகக் கருதுபவர்கள், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

எனினும் நடைமுறை என்ன? சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை வீதியோரத்திற்கு வந்து சேர்வதில்லை. கையால் எழுதி நிரப்பப்படும் பகுதி சிங்களத்தில் மாத்திரம் இருக்கும்போது, பத்திரத்தைப் பெறுபவர் அயலவர் ஒருவரைத் தேடிச்சென்று வாசிப்பிக்க நேர்கின்றது. அவர் வாசித்துச் சொல்வது பிழையானால் தவணை தவறுகின்றது; தவணை தவறினால் பிடியாணை பிறக்கின்றது. மொழி தெரியாத தடுமாற்றத்தில், “இங்கேயே முடித்துவிடுவோம்” என்ற பேச்சுக்குச் சிலர் இணங்கியும் விடுகின்றனர். இலஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் ஒருங்கே குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அவ்வாறு கொடுக்கப்படும் பணத்திற்குப் பற்றுச்சீட்டோ பதிவோ இல்லை. நாளை அதே குற்றத்திற்காக மீண்டும் வழிமறிக்கப்பட்டால் காட்டுவதற்கு அவரிடம் எதுவுமிராது.

வீதி விதிகளை மீறுவோருக்காக நாம் பரிந்து பேச முற்படவில்லை. நமது வீதிகளில் அநியாயமாகப் பறிபோகும் உயிர்களை நாளாந்தம் செய்தியாக வெளியிடும் நமக்கு, சட்டம் கண்டிப்பாக அமுல்படுத்தப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆனால், தண்டனை என்பது செய்த தவறை ஒருவருக்கு உணர்த்துவதற்கே ஆகும். தவறு என்னவென்றே விளங்காமல் தண்டம் கட்டுபவர் எதனையும் உணரப்போவதில்லை.

இணையவழிக் கொடுப்பனவை நடைமுறைப்படுத்த முடிந்த நிர்வாகத்திற்கு, அதே பத்திரத்தை மூன்று மொழிகளிலும் நிரப்பி வழங்குவது முடியாத காரியமன்று. குற்றங்களுக்கு இலக்கமிட்டு, அவ்விலக்கத்துக்குரிய விளக்கத்தைப் பத்திரத்தின் மறுபக்கத்தில் மும்மொழியிலும் அச்சிட்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பொலிஸ் திணைக்களமும் நீதி அமைச்சும் இதனை ஒரு செலவாகப் பாராமல் கடமையாகக் கருத வேண்டும். அதுவரை நமது சாரதிகள் செய்யக்கூடியது, பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைப்பதற்கு முன்னர் அதிலுள்ள ஒவ்வொரு விடயத்தையும் கேட்டறிந்துகொள்வதே ஆகும்.