சுவரும் வாசலும்

வால்டாக்ஸ் ரோடு என்ற பெயருக்குள் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியும் கொடுத்த பயத்தில், கறுப்பர் நகரத்துக்குக் கம்பெனி அரசு மதில் எழுப்பியது. செலவை உள்ளே குடியிருந்தவர்களிடமே வரியாக வாங்கப் பார்த்தது. நடக்கவில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டை ராயபுரம் பக்கம் மாடிப்பூங்காவில் இன்றும் பார்க்கலாம்.

என் தொழிலிலும் மதில் உண்டு, செங்கல்தான் கிடையாது. பேர் வி-லேன். ஈதர்நெட்டில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடினால், 'இந்த முகவரி யாருது?' என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். பத்து பேர் இருக்கிற வீட்டில் பரவாயில்லை. பத்தாயிரம் பேர் இருந்தால் சந்தைக்கடை. 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்காஸ்கி பல ஈதர்நெட்டுகளை ஒன்றாக இணைக்கப் பார்த்தார். அன்றைய முறையில் எல்லாப் போக்குவரத்தும் ஒரே பாதையில் குவிந்தது, மற்ற கேபிள்கள் சும்மா கிடந்தன. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் அடையாளம் ஒட்டி, வெவ்வேறு பாதைகளில் பிரித்து அனுப்பலாம் என்று அவரும் சேஸ் காட்டனும் 1988-இல் எழுதினார்கள். 1998-இல் வந்த 802.1க்யூ தரநிலை அந்த அடையாளத்தை 12 பிட் எண்ணாக்கியது. ஒரே கேபிளில் 4,094 தனித்தனி வலையமைப்புகள் ஓடலாம்.

கவனியுங்கள், இது பிறந்தது நெரிசலைத் தீர்க்க. திருடனைத் தடுக்க இல்லை. 10-ஆம் எண் தெருவிலிருந்து 20-ஆம் எண் தெருவுக்குப் போக ரவுட்டர் என்ற வாசல் வேண்டும். அங்கே யாரை விடலாம் என்ற விதி இல்லையென்றால், மதில் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும்.

துறைமுகங்கள் இதை 2017 ஜூன் 27 அன்று கற்றுக்கொண்டன. உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் புறப்பட்ட நாட்பெட்யா, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்குள் கிளை கிளையாகப் பரவியது. உள்ளே தடுப்புகள் போதவில்லை என்று பின்னர் செய்திகள் வந்தன. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவினார்கள். மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில், அந்தக் குழுமம் நடத்திய முனையத்தில் கணினி முடங்கி, வேலை கையால் நடந்தது.

கணினி நின்றால் அதன் விலையைச் சாலை கொடுக்கும். திருவொற்றியூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். துறைமுகத்துக்குள் எது தாமதமானாலும் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டும். டிரைவர் வண்டிக்குள்ளேயே தூங்குவார், ஸ்கூல் வேன் சந்துக்குள் திரும்பும்.

கிரேன், சிசிடிவி, கேட் எடைமேடை, அலுவலக ஈமெயில் என நாலுக்கும் நாலு எண் கொடுக்க ஒரு மதியம் போதும். எதற்கும் எதற்கும் நடுவே வழி வேண்டும் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க மாதக்கணக்கில் ஆகும். பழுது பார்க்க வந்த கம்பெனிக்காக 'ரெண்டு நாளைக்கு மட்டும்' திறந்த வழியை, ரெண்டு வருஷம் கழித்து மூடப் போகிறவர் யார்? அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கத்தான் பெரும்பாலும் யாருக்கும் மனசு வருவதில்லை. மதிலுக்கு வரி கேட்ட கம்பெனிக்கு ஊர் சொன்ன அதே பதில்தான்.