மண்முனைத் துறையைக் கடந்து போன பாடங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

அண்மையில் கொக்கட்டிச்சோலையில், ஓய்வுபெற்ற ஆங்கில டீச்சர் ஒருவரின் வீட்டுக்கு நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். இரண்டு பேர் படுவான்கரையில் படிப்பிப்பவர்கள். மற்ற இரண்டு பேர் காத்தான்குடியிலிருந்து மண்முனைப் பாலத்தால் போனவர்கள். பழைய அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கிடைத்தது என்று சொல்லி டீச்சர் ஒரு சீ.ஆர். கொப்பியை எங்கள் கையில் தந்தார். உள்ளே எல்லாம் ஆங்கிலப் பாடங்கள். விளையாட்டுகள், சிறு நாடகங்கள், படம் வரைந்து சொல் கற்பிக்கும் வழிகள். பல பக்கங்களின் மூலையில் அந்தப் பாடம் யாரிடமிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் குறித்திருந்தார். ‘ஆரையம்பதி சேர்’, ‘காத்தான்குடி மிஸ்’, ‘களுவாஞ்சிக்குடி செயலமர்வு’ என்றெல்லாம் இருந்தது.

1990க்குப் பிறகு பல பக்கங்களுக்குக் காத்தான்குடி என்ற பெயரே வரவில்லை. நாங்கள் நான்கு பேரும் அதைக் கவனித்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் கொப்பிதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. நம் மாவட்டத்தில் ஆங்கிலம் வந்த கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆங்கிலம் படிப்பித்தவர்கள் ஒருவரிடம் ஒருவர் எப்படிக் கற்றார்கள் என்பதைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்புக்கு வந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அந்த ஆண்டுதான். ஒரு வருடம் கூட அவர் இங்கு வாழவில்லை. 1815 ஏப்ரலில் இறந்துபோனார். ஆனால் அவர் தொடங்கிய பள்ளிக்கூடங்கள் நின்றன. பிறகு 1873 இல் புனித மிக்கேல் கல்லூரி வந்தது. அந்தக் காலத்தில் ஆங்கிலம் படிப்பிக்கத் தனிப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. நன்றாகப் படித்த மாணவனை மேல் வகுப்பிலிருந்து எடுத்து, கீழ் வகுப்புக்கு ஆசிரியராக நிறுத்துவார்கள். தன் ஆசிரியர் எப்படிப் படிப்பித்தாரோ அப்படியே அவனும் படிப்பிப்பான். நல்லதும் அப்படியே போகும், பிழையும் அப்படியே போகும்.

முஸ்லிம்களாகிய நாம் அந்த வண்டியில் பிந்தி ஏறினோம். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்ற பயம் அன்று இருந்தது. சித்திலெப்பை போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பயத்தோடு போராடினார்கள். கொழும்பில் 1892 இல் ஸாஹிராவின் தொடக்கம் அந்தப் போராட்டத்தின் பலன். கிழக்குக்கு அந்த அலை வந்துசேர இன்னும் காலமெடுத்தது.

இந்த இடத்தில் இரண்டு பேரைச் சேர்த்து நினைக்க வேண்டும். ஒருவர் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். தமிழ்ப் பேராசிரியர், யாழ் நூல் தந்தவர் என்று அவரை நாம் அறிவோம். அதே சுவாமிதான் ஆங்கிலத்தில் ‘பிரபுத்த பாரத’ சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர், கல்லடியில் 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர். மற்றவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். கல்முனை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961 இல். பின்னாளில் ஸாஹிராவின் அதிபரான அஸீஸும் துறவியான விபுலாநந்தரும் அந்த நாட்களில் நண்பர்களானார்கள். ஒரு முஸ்லிம் அதிகாரியும் ஓர் இந்துத் துறவியும் நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒன்றாக அமர்ந்து பேசிய மண் இது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. பாடசாலைகளில் படிப்பு தாய்மொழிக்கு மாறியது. தாய்மொழியில் படிப்பது நல்லதுதான். ஆனால் ஆங்கிலப் பாடசாலைகளில் எல்லாப் பாடத்துக்கும் மொழியாக இருந்த ஆங்கிலம், கால அட்டவணையில் ஒரு பாடமாகச் சுருங்கியது. நகரத்துப் பெரிய கல்லூரிகளில் பழைய தலைமுறை ஆசிரியர்கள் இருந்தார்கள். வாவிக்கு மேற்கே போனால் அதுவும் இல்லை. மகரகமவிலோ பலாலியிலோ ஆங்கிலப் பயிற்சி முடித்து வருபவர்கள் சில பேர்தான். அவர்களும் நகரப் பாடசாலைக்கு இடமாற்றம் கேட்பார்கள். துறையில் ஓடத்துக்குக் காத்திருந்து, இறங்கிச் சைக்கிள் மிதித்துப் போய், மழைக்கு வெள்ளம் வந்தால் திரும்ப முடியாமல் நிற்பவரைக் குறை சொல்ல முடியுமா?

இப்போது கொஞ்சம் கடல் கடந்து போவோம்.

அன்றைய மதராஸ் மாநிலத்தில் 1950களின் கடைசியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆங்கிலத்துக்குப் புதிய பாடத்திட்டம். அதை ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் 27,000 பேருக்குக் கற்பிக்க வேண்டும். முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி. அவர்கள் தங்கள் இடங்களுக்குப் போய் அடுத்த குழுவுக்கு, அந்தக் குழு அதற்கடுத்த குழுவுக்கு. இதற்கு ‘மதராஸ் பனிப்பந்து’ என்று பெயர் வைத்தார்கள். பனிப்பந்து உருள உருளப் பெரிதாகும் என்ற நம்பிக்கை.

நமக்குப் பனியைத் தெரியாது, வாய்க்காலைத் தெரியும். குளத்து மதகடியில் தண்ணீர் பாய்ந்து வரும். ஒவ்வொரு வரம்பாகக் கடந்து கடைசி வயலுக்கு வரும்போது கால் நனைந்தால் பெரிய விஷயம். மேலிருந்து கீழே இறங்கும் பயிற்சியும் அப்படித்தான். ஆள்தொகை கூடும், விஷயம் வற்றும். கொழும்பில் ஐந்து நாள் நடந்த பயிற்சி மாகாணத்தில் மூன்று நாளாகி, வலயத்தில் ஒரு நாளாகி, பாடசாலைக்கு வரும்போது ஒரு போட்டோக் கொப்பித் தாளாக வந்து சேரும். நாங்களும் அப்படியான ஒரு செயலமர்வில் இருந்திருக்கிறோம். வளவாளரிடம் ஒரு சந்தேகம் கேட்டோம். “எனக்குத் தந்ததைத்தான் நான் தாறன்” என்றார். அவர் மேல் கோபம் வரவில்லை. அவரும் வாய்க்காலின் நடுவில் நிற்பவர்தானே.

அதே மதராஸில் பிரிட்டிஷ் கவுன்சிலில் வேலை செய்த என்.எஸ். பிரபு வேறொரு வழியைப் பார்த்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், மதராஸ் பக்கத்துச் சாதாரணப் பாடசாலைகளில் நடந்தது அது. இலக்கணத்தை நேரே படிப்பிக்காமல் பிள்ளைகளுக்குத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார்கள். ரயில் நேர அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடி, வரைபடத்தில் வழி சொல் என்ற மாதிரி. ஆசிரியர்கள் ஒன்றுகூடி, வகுப்பில் நடந்ததைப் பேசிப் பேசியே அந்த முறையை வளர்த்தார்கள். பிற்காலத்தில் 1990 இல் பிரபு எழுதிய கட்டுரை ஒன்று நமக்கு மிக முக்கியம். எல்லா வகுப்புக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்றார் அவர். தான் செய்வது ஏன் சரியாக வருகிறது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருக்க வேண்டும், அது மற்ற ஆசிரியர்களோடு பேசும்போதுதான் வளரும் என்பது அவர் கருத்து.

இதை வாசித்த பிறகு நாங்கள் உதயதேவி ரயிலின் நேர அட்டவணையைத் தரம் 8 பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தோம். கொழும்பில் மாமா வீட்டுக்குப் போக வேண்டும், எத்தனை மணிக்கு மட்டக்களப்பில் நிற்க வேண்டும் என்று கேட்டோம். அது வரை வாய் திறக்காத பிள்ளை முதல் ஆளாக எழும்பிச் சொன்னது.

நம் நாட்டிலும் இந்தத் தேடல் நடந்தது. 1980களில் மாவட்ட மட்டத்தில் ஆங்கில மேம்பாட்டு நிலையங்கள் வந்தன. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் தேசிய கல்வியியற் கல்லூரிகள் வந்தன. 1990களின் இறுதியில் பிரித்தானிய உதவியோடு ஆரம்ப ஆங்கிலத் திட்டம் ஒன்று நடந்தது. நாம் ‘ரெஸ்க்’ என்று அழைக்கும் பிராந்திய ஆங்கில ஆதரவு நிலையங்கள் அதன் வழியாக வந்தவை. 1999 முதல் தரம் 1 வகுப்பிலேயே வாய்மொழி ஆங்கிலம் நுழைந்தது. ஆங்கில ஆசிரியர் அல்லாத வகுப்பாசிரியர்களும் “குட் மோர்னிங்” சொல்லத் தொடங்கிய காலம் அது. இலங்கைத் திட்டங்களில் வேலை செய்த டேவிட் ஹேய்ஸ் என்பவர் 2000 இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். படிப்படியாகக் கீழிறங்கும் பயிற்சி தன்னளவில் பிழையில்லை என்றார் அவர். கீழே உள்ளவர் அதைத் தன் வகுப்புக்கு ஏற்ப மாற்ற உரிமை இருந்தால் அது வற்றாது, வாங்கி அப்படியே கொடுக்கச் சொன்னால்தான் வற்றும் என்பது அதன் சாரம்.

இதெல்லாம் காகிதத்தில் நடந்த வரலாறு. வாவியின் இரு கரையிலும் நடந்தது வேறு.

1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலையில் நடந்த படுகொலைகளை இங்கே விளக்கத் தேவையில்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களுக்கு நடந்ததையும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் பிள்ளைகளை அடக்கம் செய்த பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அதன் பிறகு ஒரு ஆங்கில ஆசிரியர் தன் பாடக்குறிப்பைக் காட்ட மறுகரைக்குப் போவது எப்படி? துறையில் ஓடம் ஓடினாலும் மனம் ஓடவில்லை. டீச்சரின் கொப்பியில் காணாமற்போன பெயருக்குக் காரணம் இதுதான்.

ஆனால் கொப்பி நிற்கவில்லை. தாள் இல்லாத நாட்களில் பழைய கடித உறைகளைப் பிரித்து அதன் உட்பக்கத்தில் பாடம் எழுதி ஒட்டியிருக்கிறார் டீச்சர். அதே காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர் சுரேஷ் கனகராஜா. போருக்குள் தாளுக்கும் வெளிச்சத்துக்கும் பட்ட பாட்டைப் பின்னர் அவர் தன் நூல்களில் எழுதினார். வசதியான நாட்டில் எழுதப்பட்ட முறைகளை நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அப்படியே விழுங்குவதில்லை, தங்களுக்கு ஏற்ற மாதிரி வளைத்துக்கொள்கிறார்கள் என்று 1999 இல் வெளிவந்த நூலில் உலகத்துக்குக் காட்டினார். ஆங்கிலம் கற்பிப்போரின் பெரிய ஆய்விதழ்களில் ஒன்றுக்குப் பிற்பாடு அவரே ஆசிரியரானார். உறையின் உட்பக்கத்தில் எழுதியவர்களும் அறிவை உண்டாக்கியவர்கள்தான் என்பது நமக்கு அவர் தந்த தைரியம்.

2007 இல் படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தபோது டீச்சர் எடுத்துக்கொண்டு ஓடிய பையில் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இந்தக் கொப்பியும் இருந்தனவாம்.

2014 இல் மண்முனைப் பாலம் திறந்தது. ஓடத்துக்கு நின்ற நேரம் இப்போது சில நிமிடப் பயணம். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் மறுபடியும் ‘காத்தான்குடி’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. பாலத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டோம். “முதல் ஒண்டு பாலத்துக்கு முந்தி, தம்பி. ரெஸ்க்ல பக்கத்துக் கதிரையில இருந்த பிள்ளை தந்தது” என்றார்.

இதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. இன்று மாவட்டத்தில் கல்வி வலயங்கள் ஐந்து. மத்தி வலயத்தில் பெரும்பாலும் முஸ்லிம் பாடசாலைகள். மேற்கு வலயத்தில் படுவான்கரைப் பாடசாலைகள். நிர்வாகத்துக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் செயலமர்வு வலயத்துக்கு வலயம் தனித்தனியாக நடக்கும்போது அந்தப் பக்கத்துக் கதிரை இல்லாமல் போகிறது. ஒரே பாடநூல், ஒரே சாதாரண தரப் பரீட்சை, ஒரே தமிழ் பேசும் பிள்ளைக்கு ஒரே உச்சரிப்புச் சிக்கல். ஆனாலும் ஆரையம்பதியில் ஒருவர் தீர்த்துவிட்ட பிரச்சினையோடு கொக்கட்டிச்சோலையில் இன்னொருவர் தனியாக மல்லுக்கட்டுகிறார். இழப்பு ஆசிரியருக்கு இல்லை, பிள்ளைக்குத்தான். நகரத்துப் பிள்ளை டியூஷனில் பிடித்துக்கொள்ளும். வயற்காரர் பிள்ளைக்கு அந்தப் பாடவேளைதான் எல்லாம்.

பெரிய கேள்வி எதுவும் நாங்கள் கேட்கவில்லை. நிதி வேண்டாம், பதாகை வேண்டாம், பிரதம அதிதி வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம். ஒரு மாதம் அந்தக் கரை, மறு மாதம் இந்தக் கரை. வருபவர் கையில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: சரிவந்த பாடம் ஒன்று, சரிவராத பாடம் ஒன்று. சரிவராததை முதலில் பேசுவோம். அதைச் சொல்ல வெட்கப்படாத இடமாக அது இருக்க வேண்டும். ஆசிரிய ஆலோசகர்கள் வந்தால் சந்தோஷம். வந்தால் அவர்களும் கதிரையில் எங்களோடு இருக்கட்டும், மேடை வேண்டாம்.

டீச்சரின் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிட்டோம். கொப்பியை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். ஓய்வுபெறப் போகும் ஆங்கில ஆசிரியர்கள் இரண்டு கரையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் அலுமாரியிலும் இப்படி ஏதாவது இருக்கும். பழைய பேப்பரோடு எடைக்குப் போவதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

முதல் சந்திப்பு டீச்சரின் வீட்டு முற்றத்தில்தான். தேத்தண்ணி தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். வர விரும்புபவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், திகதியை அறிவிக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.