நாவல்பழ நிற பிளஷ்: டப்பாவில் மிரட்டும் கலர், மாநிறக் கன்னத்தில் இயல்பாகத் தெரிவது எப்படி?

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு மால். சனிக்கிழமை மாலை. மேக்கப் கடையில் பிளஷ் வரிசை முன்னால் நிற்கிறீர்கள். இடது பக்கம் பீச், பேபி பிங்க், ரோஸ். வலது கோடியில் நாவல்பழத்தை நசுக்கி வைத்தது போல ஒரு ஊதா. அதற்குப் பக்கத்தில் செங்கல் நிற ஆரஞ்சு. கை அந்தப் பக்கம் போகிறது. "அது ரொம்ப டார்க் மேம், உங்க ஸ்கின்னுக்கு பீச்தான் சேஃப்" என்கிறார் விற்பனைப் பெண், தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து. நீட்டிய கை திரும்பி வந்துவிடுகிறது.

இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பீச்சை வாங்கிப் பூசிக்கொண்டு போய், மறுநாள் ஆபீஸ் லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தால், கன்னத்தில் விபூதி பூசின மாதிரி இருந்தது. அந்த டப்பா இன்னும் டிராயரில் கிடக்கிறது. உங்கள் டிராயரிலும் அப்படி ஒன்று இருக்கலாம்.

பிளஷ் இன்று சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரத்தைத் தாண்டியும் விற்கிறது. 'சேஃப்' என்று வாங்கியது ஏன் எடுக்கவில்லை, 'டார்க்' என்று ஒதுக்கியது ஏன் எடுக்கக்கூடும் என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிளஷ் எதை நகல் எடுக்கிறது?

மாடிப்படி ஏறினால், வெயிலில் நடந்தால், வெட்கப்பட்டால் கன்னத்தில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் சிவப்பு, தோல் வழியாக வெளியே தெரிகிறது. பிளஷ் செய்வது இந்தச் சிவப்பை நகல் எடுக்கும் வேலைதான்.

ஆனால் அந்தச் சிவப்புக்கு மேலே மெலனின் என்ற வடிகட்டி இருக்கிறது. மெலனின் குறைந்த தோலில் ரத்தச் சிவப்பு, இளஞ்சிவப்பாகத் தெரியும். மெலனின் கூடிய தோலில் அதே சிவப்பு செம்பழுப்பாகவோ, பழச்சாறு போன்ற ஆழ்ந்த சாயலாகவோ தெரியும். பேபி பிங்க் என்பது வெளுத்த தோலின் வெட்கம். மாநிறத்துக்கும் கருப்புக்கும் உரிய வெட்கம் அதைவிட அடர்த்தியானது.

பீச் ஏன் சாம்பல் பூக்கிறது?

பிளஷ் டப்பாவின் பின்பக்கத்தில் 'சி.ஐ. 77891' என்று ஒரு எண் இருக்கும். அது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. சுவர் பெயின்ட்டில் வெண்மைக்குச் சேர்ப்பதும் இதைத்தான். சிவப்பை இளஞ்சிவப்பாக்க வேண்டும் என்றால், ஆரஞ்சை பீச் ஆக்க வேண்டும் என்றால், பெரும்பாலும் இந்த வெள்ளையைக் கலக்கிறார்கள்.

டிகாக்‌ஷனில் பால் கலப்பது மாதிரிதான். டம்ளர் வெள்ளையாக இருந்தாலும் எவர்சில்வராக இருந்தாலும், பால் கூடிய காபி வெளிறித்தான் இருக்கும். வெளுத்த தோலில் இந்த வெள்ளை தோலோடு கலந்துவிடுகிறது, சிவப்பு மட்டும் கண்ணில் படுகிறது. மாநிறத் தோலில் நிலைமை தலைகீழ். சிவப்பு தோலோடு கலந்துவிடுகிறது, வெள்ளை மட்டும் மேலே மிதக்கிறது. அதுதான் அந்த விபூதி.

அடர்ந்த நிறங்களில் பொதுவாக வெள்ளை குறைவு, வண்ண நிறமி கூடுதல். அதனால்தான் டப்பாவில் பார்த்தால் பயமாக இருக்கிறது. மெல்லியதாகத் தடவினால் உங்கள் தோலே அதைத் தணித்துவிடுகிறது.

எந்தக் கலர், எப்படித் தெரியும்?

செங்கல் ஆரஞ்சு: மஞ்சள் சாயல் உள்ள மாநிறத்தில் வெயிலில் நடந்து வந்த முகம் போல இருக்கும். முதல்முறை முயல்பவர்களுக்கு எளிதான தொடக்கம்.

தக்காளிச் சிவப்பு: டப்பாவில் மிகவும் மிரட்டுவது இதுதான். மிகக் குறைவாக எடுத்து விரலால் தட்டிப் பரப்பினால் நிஜ ரத்த ஓட்டத்துக்கு மிக அருகில் வரும்.

நாவல்பழ ஊதா, பீட்ரூட்: ஆழ்ந்த மாநிறத்திலும் கருப்பிலும் எடுப்பாக இருக்கும். ஊதாவில் உள்ள நீலம், தோலின் மஞ்சள் சாயலைக் கொஞ்சம் தணிப்பதால், மிச்சம் தெரிவது பழச் சிவப்பு.

லாவெண்டர்: ஊதாவின் தங்கை என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். இதில் வெள்ளை அதிகம். வித்தியாசமான கலர் எல்லாமே நமக்கு எடுக்கும் என்று அர்த்தமில்லை என்பதற்கு இதுவே உதாரணம்.

'போல்டு' என்று முடிவு செய்த அளவுகோல் யாருடையது?

தோல் நிறத்தை வகைப்படுத்த மருத்துவ உலகம் அதிகம் பயன்படுத்துவது ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல். ஹார்வர்டின் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-ல் உருவாக்கியது. வெயிலில் தோல் எவ்வளவு சீக்கிரம் கன்றிப்போகும் என்பதை வைத்து, புற ஊதாக் கதிர் சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பதற்காக வந்தது. தொடக்கத்தில் அது வெள்ளைத் தோலின் வகைகளை மட்டுமே பிரித்தது. பழுப்பும் கருப்பும் 5, 6 என்று பிற்பாடு சேர்க்கப்பட்டவை.

2022-ல் ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய 10 நிற அளவுகோலை கூகுள் தன் தேடலிலும் புகைப்பட வசதிகளிலும் பயன்படுத்தத் தொடங்கியது. அடர்ந்த நிறங்களுக்கு அதில் கூடுதல் இடம் உண்டு.

மேக்கப் உலகிலும் இதே கதைதான். பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி 2017 செப்டம்பரில் ஒரே நேரத்தில் 40 ஃபவுண்டேஷன் நிறங்களுடன் வந்தபோது, மற்ற நிறுவனங்களும் நிறங்களைக் கூட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. ஆனால் அந்த மாற்றம் ஃபவுண்டேஷனில் தெரிந்த அளவுக்கு பிளஷில் உடனே தெரியவில்லை.

2024-ல் நடந்த ஒரு சம்பவம் இதைக் காட்டியது. ஹெய்லி பீபரின் 'ரோட்' நிறுவனம் அந்த ஆண்டு பாக்கெட் பிளஷ் வரிசையை வெளியிட்டது. தெற்கு சூடான் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க வீடியோ படைப்பாளர் கோலோரியா ஜார்ஜ், அவற்றைத் தன் கருப்புத் தோலில் பூசிக் காட்டி, சாம்பல் பூத்துத் தெரிவதாக விமர்சித்தார். ஹெய்லி பீபர் அவரைத் தொடர்புகொண்டார். நிறங்களைத் திருத்தத் தன்னிடம் ஆலோசனை கேட்டதாகவும், அதற்குக் கட்டணம் கொடுத்ததாகவும் கோலோரியா பின்னர் தெரிவித்தார். குறை முகத்தில் இல்லை, கலவையில்தான் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டது போலத்தான் இது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தீபிகா முத்யாலா. டெக்சாஸில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தின் மேல் சிவப்பு லிப்ஸ்டிக் தடவி, அதற்கு மேல் கன்சீலர் பூசி மறைக்கும் அவரது 2015-ஆம் ஆண்டு வீடியோ ஒரு கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்டது. 2018-ல் 'லைவ் டின்டெட்' என்ற பெயரில் ஓர் இணையச் சமூகத்தைத் தொடங்கினார். 2019-ல் அதன் முதல் பொருளாக, கண், கன்னம், உதடு மூன்றுக்கும் ஒரே வண்ணக் குச்சியைக் கொண்டுவந்தார். அவர் முதலில் நம்பியதும் ஒரு 'போல்டு' சிவப்பைத்தான்.

பச்சை பிளஷ் கன்னத்தில் பிங்க் ஆவது எப்படி?

டப்பாவில் பச்சையாகவோ நிறமே இல்லாமலோ இருந்து, பூசியதும் பிங்க் ஆகும் பிளஷ்களும் வருகின்றன. சின்ன வயதில் திருவிழாக் கடையில் பார்த்த பச்சை லிப்ஸ்டிக் ஞாபகம் வருகிறதா? விஷயம் அதேதான். சி.ஐ. 45410 என்ற சாயம், எண்ணெய்க்குள் நிறமின்றி அடங்கியிருக்கும். தோலின் ஈரமும் அமில-காரத் தன்மையும் பட்டதும் பளீர் பிங்க் ஆகும். பச்சை என்பது வெளிப்பார்வைக்குச் சேர்த்தது.

இது நமக்குப் புதிதல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது தெரியும்தானே? பாரம்பரியக் குங்குமம் செய்வதும், ஆரத்தித் தட்டு சிவப்பதும் இதே அமில-கார மாற்றத்தால்தான்.

"உங்கள் தோலுக்கே உரிய தனி நிறம்" என்ற விளம்பரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாயம் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் வித்தியாசமாகத் தெரிவதற்குப் பெரும் காரணம், அதற்கு அடியில் இருக்கும் தோலின் நிறம்.

டப்பாவின் பின்பக்கத்தை எப்படிப் படிப்பது?

இந்த எண்களை போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

சி.ஐ. 77891: டைட்டானியம் டை ஆக்சைடு. பட்டியலில் இது இருந்தால், பூசிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

சி.ஐ. 77491, 77492, 77499: சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகள். மண்சார்ந்த செங்கல் நிறங்கள் இவற்றிலிருந்து வருகின்றன.

சி.ஐ. 15850: பளிச்சென்ற சிவப்புச் சாயம்.

சி.ஐ. 77742: மாங்கனீஸ் ஊதா.

சி.ஐ. 75470: கார்மைன். கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. சைவமாக இருக்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டிய எண் இது. இந்தச் சாயத்துக்கு நம்ம ஊரிலும் ஒரு வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் மெட்ராஸ் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டது, இந்தப் பூச்சியை வளர்ப்பதற்காகத்தான்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்தியாவின் அழகுசாதனப் பொருள் விதிகள் 2020-ன்படி, சேர்க்கப்படும் செயற்கை வண்ணங்களில் ஈயம் 20 பிபிஎம், ஆர்செனிக் 2 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. லேபிளில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருள் என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் வேண்டும். கலர் எவ்வளவு அழகாக இருந்தாலும், இவை எதுவும் இல்லாத பேலட்டை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: சில சிவப்புச் சாயங்களைக் கண் பகுதியில் பூச அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதிப்பதில்லை. கண்ணுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தால் தவிர, பிளஷை இமையில் பூச வேண்டாம்.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

காசு செலவழிக்காமல் தொடங்கலாம். வீட்டில் பீட்ரூட், மெரூன், செங்கல் நிறத்தில் ஏதாவது லிப்ஸ்டிக் இருக்கும். விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, கன்னத்தில் தட்டிப் பரப்பி, ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்கள். எந்தக் குடும்பத்து நிறம் உங்களுக்கு எடுக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கடையில் டெஸ்டரை நேரடியாக முகத்தில் வைக்காதீர்கள். மேல் அடுக்கைத் துடைத்துவிட்டு, புதுப் பஞ்சில் எடுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில் பார்ப்பதால் பெரிய பயனில்லை, கன்னத்தின் நிறம் வேறு. ஒரு கன்னத்தில் மட்டும் பூசிக்கொண்டு மாலுக்கு வெளியே போய், பகல் வெளிச்சத்தில் போன் கேமராவில் ஃபில்டர் இல்லாமல் பாருங்கள். கடை விளக்கு எல்லாக் கலரையும் நல்ல கலராகத்தான் காட்டும்.

ஃபிளிப்கார்ட்டும் மிந்த்ராவும் பிறந்த ஊர் இது. பலர் கடைக்கே போவதில்லை. ஆப்களில் உள்ள 'விர்ச்சுவல் ட்ரை-ஆன்', படத்தின் மேல் வண்ணத்தைப் போட்டுக் காட்டுகிறது. வெள்ளை நிறமி உங்கள் தோலில் எப்படி மிதக்கும் என்பதை அது காட்டாது. ஒரே நிறம் ஒத்துப்போகும் தோல் கொண்டவர்கள் பதிவேற்றிய படங்களையும், சி.ஐ. எண்களையும் நம்புவது மேல்.

அளவு முக்கியம். ரேர் பியூட்டி போன்ற திரவ பிளஷ்களில் நிறமி மிக அடர்த்தி, ஒரு புள்ளி போதும். முதலில் கையின் பின்பக்கத்தில் வைத்து, அங்கிருந்து விரலில் எடுத்துப் பூசுங்கள். ஏசி ஆபீஸின் வறண்ட காற்றுக்கு கிரீம் பொருந்தும். வார இறுதியில் சென்னைக்குப் பஸ் ஏறினால், வேர்வைக்குப் பவுடர்தான் தாங்கும். தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் இருந்தால், காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பொறுங்கள்.

"உன் கலருக்கு எடுக்காது"

இந்த வாக்கியத்தை மேக்கப் கடைக்கு வருவதற்கு முன்பே கேட்டிருப்பீர்கள். தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போது, பள்ளி ஆண்டு விழாவில், பெண் பார்க்க வரும் நாளில். அடர்ந்த நிறம் உடுத்தினால் 'இன்னும் கருப்பாத் தெரிவே' என்பதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் பயம். 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆனது. கருத்த நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தர கவுன்சில் வழிகாட்டுதல் வெளியிட்டது 2014-ல். அதற்கு முன்பே, 2009-ல், சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தைத் தொடங்கியிருந்தது.

ஒரு பிளஷ் டப்பா இதையெல்லாம் மாற்றிவிடாது. கடைப் பெண்ணும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அந்த வலது கோடிக்குப் போகும் கையைத் திரும்ப இழுக்க வேண்டியதில்லை. பூசுங்கள், வெளிச்சத்தில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கழுவிவிடலாம். எடுக்குமா எடுக்காதா என்பதைப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.