வெள்ளாற்று முகத்தில் துறவி நண்டின் உணவு

காலிச் சங்குக்குள் தன் மென்மையான வயிற்றைப் புதைத்துக்கொண்டு வாழும் துறவி நண்டு, வடலூருக்குத் தென்கிழக்கே வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், வலை உதறும்போது சிதறும் பொடிமீனையும் இறால் தலையையும் மட்கிய இலைச்சருகையும் தின்றே தழைத்து வந்திருக்கிறது. சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யாவின் முயற்சியால் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆய்வு நிலையத்தை அமைத்தபின், இந்நண்டைப் போலச் சந்தையில் விலைபோகாத கழிமுக உயிர்களும் ஆய்வுக்குரியன ஆயின. தோலுரித்தல், அதாவது வளர்ச்சிக்காகப் பழைய மேலோட்டைக் கழற்றுதல், முடிந்ததும் இந்நண்டு அந்த ஓட்டையே கடித்துத் தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்கிறது. ஆகவே, இதனை வீட்டில் வளர்ப்போர் உப்பும் மசாலாவும் சேராத மீனோடு, நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்ற பெயரில் விற்கப்படும் கணவாய் ஓட்டையும் பொடித்து இடுவது மிகவும் பொருத்தமானது.